கொலோன் நகரில் எங்கே சாப்பிடுவது? அம்மா சுத்த சைவம், அப்பா எல்லாம் சாப்பிடுவார்

நொய்யல்:

எல்லாருக்கும் வணக்கம். அக்டோபரில் கொலோனில் நடக்கும் அனுகா உணவுக் கண்காட்சிக்குப் போகிறோம். பொள்ளாச்சியில் தேங்காய்ப் பாலும் துருவலும் தயாரிக்கும் தொழில் எங்களுடையது, சின்னதாக ஓர் அரங்கு எடுத்திருக்கிறோம். இந்த முறை அம்மாவையும் அப்பாவையும் கூட்டிக்கொண்டு போய், கண்காட்சி முடிந்ததும் சில நாள் தங்கி ஊர் காட்டலாம் என்று திட்டம். இருவருக்கும் இதுதான் முதல் ஐரோப்பியப் பயணம். தங்குவது டொய்ட்ஸ் பகுதியில், கண்காட்சி வளாகத்துக்குப் பக்கத்திலேயே.

அம்மா சுத்த சைவம். முட்டை சேர்த்த கேக்கூடத் தொடமாட்டார். அப்பாவுக்குத் தடை எதுவும் இல்லை, போன ஊரில் அந்த ஊர்க்காரர்கள் சாப்பிடுவதைத்தான் சாப்பிட வேண்டும் என்பார். இணையத்தில் தேடினால் வரும் பட்டியல்கள் எல்லாம் பேராலயத்தைச் சுற்றியே நிற்கின்றன. அங்கே இருப்பவர்கள் சொல்லுங்கள்: அப்பாவை எங்கே கூட்டிப்போவது, அம்மா வயிறாரச் சாப்பிட எங்கே போவது, இருவரையும் ஒரே மேசையில் உட்கார வைக்க வழி உண்டா? இலைதழையும் உருளைக்கிழங்கு வறுவலும் தின்றுவிட்டு அம்மா அறைக்குத் திரும்பக் கூடாது. எனக்கு அதுதான் கவலை.

ரைன்கரை:

வணக்கம் தம்பி. நான் கனகாலமாய்க் கொலோனிலதான் இருக்கிறன். அப்பாவை ஒருக்காவெண்டாலும் பிராவ்ஹவுசுக்குக் கூட்டிக்கொண்டு போங்கோ. இந்த ஊரை விளங்கிக்கொள்ள அதைவிட நல்ல இடம் இல்லை. அவர் பியர் குடிக்காட்டியும் பரவாயில்லை.

பிராவ்ஹவுஸ் எண்டால் ஒரு காய்ச்சுமனையின்ர பியரை மட்டும் ஊத்துற பெரிய சாப்பாட்டு மண்டபம். நீட்டு மர மேசை, அறிமுகமில்லாத ஆக்களோட தோளுரச இருக்கிறது, நல்ல சத்தம். வங்கி மேலாளரும் கட்டட வேலைக்காரரும் ஒரே வாங்கில இருந்து சாப்பிடுவினம். எனக்கு இந்த ஊரில பிடிச்சதே அதுதான். பரிமாறுற ஆளைக் கோபெஸ் எண்டு சொல்லுவினம். நீலச் சட்டை, நீல ஏப்ரன், இடுப்பில காசுப் பை. கொஞ்சம் வெடுக்கெண்டு கதைப்பார், அது அவையின்ர வழக்கம். கோவிக்கத் தேவையில்லை, அப்பாவும் திருப்பிப் பகிடி விட்டால் அவருக்கு நல்ல சந்தோசம்.

பியரின்ர பேர் கோல்ஷ். 1986இல நகரத்துக் காய்ச்சுமனையள் கூடி ஒப்பந்தம் எழுதி, இந்தப் பேரை ஆர் போடலாம், எப்பிடிக் காய்ச்ச வேணும் எண்டு முடிவு செய்தவை. 1997இல இருந்து ஐரோப்பிய ஒன்றியத்தின்ர புவிசார் பாதுகாப்பும் இருக்கு. 0.2 லீற்றர் ஒல்லிக் கிளாசில தருவினம். நுரை கெதியா அடங்கி ருசி கெட்டுப்போற பியர் எண்டபடியால்தான் சின்னக் கிளாஸ். கிளாஸ் வெறுமையானால் கேட்காமலே அடுத்தது வரும், அட்டையில பென்சில் கோடு ஒண்டு விழும். காணும் எண்டால் அட்டையைக் கிளாசுக்கு மேல வைக்க வேணும். இது தெரியாமல் கனபேர் குடிச்சுக்கொண்டே இருக்கினம்.

எங்க போறது எண்டால், என்ர தெரிவு ஃப்ரீசன்ஷ்ட்ராஸெயில இருக்கிற பெஃப்கன். 1883இல தொடங்கினது, இண்டைக்கும் அதே இடத்தில காய்ச்சுகினம். பேராலயத்தில இருந்து ஒரு கால்மணி நேர நடை. ஹொய்மார்க்ட்டில மால்ஸ்மூலே இருக்கு, அது 1858. 1999இல ஜி8 மாநாட்டுக்கு வந்த கிளின்டன் அங்கதான் போய்ச் சாப்பிட்டவர். டொய்ட்சில இருந்து பாலம் கடந்தால் முதல் நிறுத்தம் ஹொய்மார்க்ட்தான், உங்களுக்கு வசதி.

அப்பாவுக்கு முதல்ல சாவர்பிராட்டன் வாங்கிக் குடுங்கோ. மாட்டிறைச்சியை வினாகிரியும் வாசனைச் சரக்கும் சேர்ந்த தண்ணியில நாள்க்கணக்கா ஊறவைச்சு மெதுவா வேகவைக்கிறது. ரைன் பக்கத்து முறையில குழம்புக்குள்ள முந்திரிகை வத்தல் போடுவினம். புளிப்பும் இனிப்பும் சேர்ந்து வரும், எங்கட நாக்குக்குப் பிடிக்கும். முந்திக் குதிரை இறைச்சியிலதான் செய்தவை, இப்பவும் சில இடத்தில கிடைக்கும். அப்பிடியெண்டால் பட்டியலில குதிரை எண்டு எழுதியிருக்கும். ஹிம்மெல் உன் ஏட் எண்டது மசிச்ச உருளைக்கிழங்கு, ஆப்பிள் மசியல், பொரிச்ச இரத்த சொசேஜ். அப்பா துணிஞ்ச ஆள் எண்டால் அதையும் பார்க்கட்டும்.

அம்மாவின்ர விசயத்தை மற்றவை சொல்லட்டும். எனக்கும் ஒரு யோசனை இருக்கு, பிறகு எழுதுறன்.

கறிக்குழம்பு:

டூசல்டார்ஃபிலிருந்து எழுதுகிறேன். இரண்டு ஊருக்கும் ஆகாது என்பார்கள், ஆனால் சாப்பாட்டுக்காக நான் அடிக்கடி கொலோன் போகிறவன். ஒன்று மட்டும் நினைவில் வையுங்கள்: கொலோனில் உட்கார்ந்து டூசல்டார்ஃபின் ஆல்ட் பியரைக் கேட்காதீர்கள்.

ரைன்கரை அக்கா சொன்ன இரண்டு இடமும் சரி. நீங்கள் டொய்ட்சில் தங்குவதால் ஒன்று சேர்க்கிறேன். ஸீகஸ்ஷ்ட்ராஸெயில் லொம்மர்ஸ்ஹைம் என்று ஒரு பழைய மதுச்சாலை. வெளியிலிருந்து பார்த்தால் பூட்டிப்போட்ட கட்டடம் என்றுதான் நினைப்பீர்கள். 1959இல் தொடங்கி ஒரு தம்பதி நடத்தி, 2004 கடைசியில் மூடினார்கள். 2008இல் மறுபடி திறந்தபோது பழைய தோற்றத்தை மாற்றாமல் அப்படியே வைத்தார்கள். ஊற்றுவது பெஃப்கன் கோல்ஷ். எலும்போடு சேர்ந்த பன்றிக்கறித் துண்டு இங்கே பெயர் பெற்றது. தடிமனைப் பார்த்தாலே ஏன் என்று விளங்கும். உங்கள் அப்பா போன்றவருக்கு இதைவிட வேறு இடம் நான் சொல்லமாட்டேன். கண்காட்சி நாட்களில் அரங்குக்காரர்கள் அத்தனை பேரும் அங்கேதான் இருப்பார்கள், அதனால் சாயங்காலம் சீக்கிரமே போய்விடுங்கள்.

பேராலயத்தைச் சுற்றியும் ஆல்டர் மார்க்ட்டிலும் இருக்கும் இடங்களைத் தவிர்த்துவிடுங்கள் என்பது என் கருத்து. கூட்டம் அதிகம், விலை அதிகம், சமையலில் அக்கறை குறைவு.

அக்டோபரில் போகிறீர்கள் என்பதால் சிப்பியை விடவேண்டாம். செப்டம்பர் முதல் குளிர்காலம் முழுக்க ரைன் பக்கத்தில் சிப்பிப் பருவம். வெங்காயம், கேரட், செலரி போட்டு வெள்ளை ஒயினில் வேகவைத்து ஒரு சட்டி நிறையக் கொண்டுவந்து வைப்பார்கள், கூடவே வெண்ணெய் தடவிய கறுப்பு ரொட்டி. ஒரு சிப்பி ஓட்டையே இடுக்கியாகப் பிடித்து அடுத்த சிப்பியின் சதையை எடுத்துச் சாப்பிட வேண்டும். மெட்பிரோட்சென் என்று காலையில் பேக்கரிகளில் இருக்கும். அது பச்சையாக அரைத்த பன்றிக்கறி. ஜெர்மானியர்கள் விரும்பி உண்பார்கள், தெரிந்துகொண்டு வாங்குங்கள்.

ரைன்கரை:

கறிக்குழம்பு தம்பி, பேராலயத்தடிக் கடையள் முழுக்கக் கூடாது எண்டு ஒரேயடியாச் சொல்லாதேங்கோ. ஃப்ரூ அங்கதான் இருக்கு, 1904இல இருந்து. பியர் காய்ச்சுறது இப்ப நகரத்தின்ர வட கோடியில, எண்டாலும் வீடு அதே வீடு. கொலோன் ஆக்களே அம்மம்மாவின்ர பிறந்தநாளுக்கு அங்க மேசை பிடிக்கிறவை. வெளிநாட்டார் வாற இடம் எல்லாம் ஏமாத்துற இடம் இல்லை. தவிர்க்க வேண்டினது வேற: சாப்பாட்டுப் படத்தை வெய்யிலில மங்க விட்டு, வாசலில ஆளை நிப்பாட்டிக் கையைப் பிடிச்சு இழுக்காத குறையாக் கூப்பிடுற கடையள். பழைய நகரத்துக்குள்ள ஆற்றங்கரைப் பக்கம் அப்பிடி இருக்கு. அதுக்குள்ள போகாட்டில் காணும்.

கறிக்குழம்பு:

ஃப்ரூவைப் பற்றி நீங்கள் சொல்வதை ஏற்கிறேன் அக்கா. என் வாதம் நேரம் பற்றியது. சனிக்கிழமை இரவு அங்கே போனால் கல்யாண மண்டபக் கூட்டம். செவ்வாய் மதியம் போனால் அருமை. முதல் தடவை வரும் வயதானவர்களைச் சனி இரவு அங்கே கொண்டுபோய்த் தள்ளக் கூடாது.

மல்லிகை:

நொய்யல், உங்கள் அம்மா கேஸ் எங்கள் வீட்டு மாமியார் கேஸ்தான். முட்டையும் கிடையாது. கொலோன், பான், ஆகன் எல்லாம் அவரோடு சுற்றியிருக்கிறேன். தெரிந்ததைச் சொல்கிறேன்.

ஜெர்மனியில் "வெகெடாரிஷ்" என்றால் முட்டை உண்டு. கேட்கும்போது "வேகன்" என்றே கேளுங்கள். அது அவர்களுக்கு உடனே புரியும், பெரும்பாலான இடங்களில் ஒன்றிரண்டு வகையாவது இருக்கும். பால், தயிர், சீஸ் வேண்டுமானால் பிறகு சேர்த்துக்கொள்ளலாம். சைவம் என்று நாம் நினைப்பதில் எங்கெங்கே மாமிசம் ஒளிந்திருக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும். வறுத்த உருளைக்கிழங்கு, பிராட்கார்டோஃபெல்ன், பெரும்பாலும் ஷ்பெக் என்ற பன்றிக்கொழுப்புத் துண்டு போட்டது. சாவர்க்ராவ்ட், சிவப்பு முட்டைக்கோஸ் இரண்டிலும் பன்றிக்கொழுப்போ வாத்துக்கொழுப்போ சேர்ப்பார்கள். பருப்பு சூப்பில் சொசேஜ் மிதக்கும். அக்டோபரில் புது ஒயினோடு வெங்காயப் பணியாரம் மாதிரி ஒன்று எங்கே பார்த்தாலும் விற்பார்கள், த்ஸ்வீபெல்கூகன் என்று. அதில் முட்டையும் உண்டு, பன்றியும் உண்டு. ரைபெகூகன் என்ற உருளைக்கிழங்கு அப்பம் பார்க்கச் சைவம், மாவைச் சேர்த்துப் பிடிக்க முட்டை போடுவார்கள். ஷ்பெட்ஸ்லெ என்ற நூடுல்ஸ் முட்டையில் பிசைந்தது.

பட்டியலில் ஒவ்வோர் உணவின் பக்கத்திலும் எழுத்தோ எண்ணோ இருக்கும். 2014 டிசம்பரிலிருந்து ஐரோப்பா முழுக்க 14 ஒவ்வாமைப் பொருள்களைத் தெரிவிப்பது கட்டாயம். முட்டை, மீன், பால், கடுகு, செலரி எல்லாம் அதில் அடக்கம். எந்த எழுத்து எதற்கு என்று ஒவ்வொரு கடையும் அடியில் விளக்கம் போடும். முட்டை இருக்கிறதா என்று அதில் பார்த்துக்கொள்ளலாம். ஆனால் மாமிசக் கொழுப்பு ஒவ்வாமைப் பொருள் இல்லை, அது அந்த அட்டவணையில் வராது. அதை வாய்விட்டுத்தான் கேட்க வேண்டும். "ஓனெ ஷ்பெக், ஓனெ ஷ்மால்ஸ், ஓனெ ஐ" என்று ஒரு தாளில் எழுதி அம்மா பையில் வைத்துவிடுங்கள்: பன்றித்துண்டு வேண்டாம், கொழுப்பு வேண்டாம், முட்டை வேண்டாம்.

வயிறாரச் சாப்பிட என் முதல் தேர்வு எத்தியோப்பிய, எரித்திரிய உணவகங்கள். கொலோனில் பல இருக்கின்றன. அவர்களுடைய வைதீகக் கிறிஸ்தவ மரபில் ஆண்டில் பெரும்பகுதி நோன்பு நாள், அந்த நாட்களில் மாமிசம், பால், முட்டை எதுவும் கிடையாது. அதனால் பருப்பு, கொண்டைக்கடலை மாவு, கீரை, முட்டைக்கோஸ், பீட்ரூட் என்று முழுச் சைவ மரபே அவர்களிடம் இருக்கிறது. பட்டியலில் "நோன்புத் தட்டு" கேளுங்கள். பெரிய தட்டு முழுக்க இஞ்செரா என்ற அப்பத்தை விரித்து அதன்மேல் கறிகளை வைத்துத் தருவார்கள். மாவைப் புளிக்கவைத்து ஊற்றுவதால் தோசைக்குப் பழகிய நாக்கு ஒரு வாயிலேயே ஏற்றுக்கொள்ளும். காரமும் உண்டு. கையால் சாப்பிடலாம். மாமியார் அந்தப் பயணத்தில் வாய்நிறைய "போதும்" என்று சொன்ன சாப்பாடு அதுதான். அதே தட்டில் ஒரு மூலையில் அப்பாவுக்கு ஆட்டுக்கறி வைப்பார்கள், வேண்டாமென்றால் தனித்தட்டு கேளுங்கள்.

இத்தாலியக் கடைகளில் பீட்சா மாவில் முட்டை இல்லை. உலர்ந்த பாஸ்தாவிலும் பொதுவாக இல்லை. "வீட்டில் செய்த" பாஸ்தா என்றால் முட்டை இருக்கும்.

பிராவ்ஹவுசுக்கு அம்மாவைக் கூட்டிப்போக வேண்டாம் என்பேன். பக்கத்து மேசையில் முழங்கால் கறி மலைபோல வரும், வாசனை உடுப்பில் ஏறும். வயதான, சுத்தசைவப் பெண்மணிக்கு அது சுகமான இடம் இல்லை. அப்பாவோடு நீங்கள் போய் வாருங்கள், அம்மா அந்த நேரம் அறையில் ஓய்வெடுக்கட்டும்.

ரைன்கரை:

மல்லிகை தங்கச்சி சொன்னது எல்லாம் சரி, கடைசிப் பந்தியைத் தவிர. அம்மாவை அறையில விட்டிட்டுப் போறது எனக்குப் பிடிக்கேல்லை. அவவும் ஊர் பார்க்கத்தானே வாறா?

பின்னேரம் மூண்டு மணி போல போங்கோ. மத்தியானக் கூட்டம் போயிருக்கும், இரவுக் கூட்டம் வந்திருக்காது. வெய்யில் இருந்தால் முற்றத்தில இடம் கேளுங்கோ. 2013 மே மாதத்தில இருந்து இந்த மாநிலத்தில உணவகத்துக்குள்ள புகைக்கேலாது, உள்ளுக்கு இருந்தாலும் புகைத் தொல்லை இல்லை, முற்றத்திலதான் புகைப்பினம். அம்மாவுக்கு ஹால்வெ ஹான் எடுங்கோ. பேரில அரைக்கோழி எண்டு இருக்கும், பயப்பிடாதேங்கோ, கோழி கிடையாது. ரை ரொட்டி, தடிச்ச ஹௌடா சீஸ் துண்டு, வெங்காயம், கடுகு, வெண்ணெய். அவ்வளவுதான். சீஸ் உறைய வைக்கிற, கண்டுக்குட்டி வயித்தில இருந்து எடுக்கிற ரென்னெட்டைப் பற்றிக் கவலைப்படுற ஆள் எண்டால் மட்டும் வேண்டாம். குடிக்க ஆப்பிள் சாறும் சோடாவும் கலந்த ஆப்பிள் ஷோர்லெ, இல்லாட்டில் ஃபாஸ்பிரவுசெ. அது மோல்ட்டும் எலுமிச்சையும் சேர்ந்த, மதுசாரம் இல்லாத பானம். அப்பாவுக்குப் பக்கத்தில இருந்து அந்த மண்டபத்தைப் பார்த்திட்டு, பிறகு இரவுச் சாப்பாட்டுக்கு எத்தியோப்பியக் கடைக்குப் போகலாம். ரெண்டும் நடக்கும்.

மல்லிகை:

மூன்று மணி என்றால் சரி அக்கா. ஆனாலும் அம்மாவிடம் முதலில் கேட்டுவிடுங்கள் நொய்யல். மகன் ஆசைப்படுகிறான் என்று மறுக்காமல் வந்து, சகித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்கள் நம் அம்மாக்கள்.

திருச்சி மாணவன்:

கொலோன் பல்கலைக்கழகத்தில் படிக்கிறேன். காசு பார்த்துச் சாப்பிடுபவர்களுக்காக எழுதுகிறேன்.

சூல்பிகர் ஷ்ட்ராஸெ மாணவர் பகுதி. ஃபலாஃபெல், வியட்நாமியச் சோறு, பீட்சா எல்லாம் மலிவு, நள்ளிரவு தாண்டியும் கிடைக்கும். அதே தெருவில் மென்சா என்ற பல்கலைக்கழக உணவகம் இருக்கிறது. வெளியாட்களும் சாப்பிடலாம், விலை மாணவரைவிடக் கூடுதல், இருந்தும் வெளிக்கடையைவிடக் குறைவு. தினமும் வேகன் வகை உண்டு. பல உணவகங்களில் வார நாள் மதியம் "மிட்டாக்ஸ்டிஷ்" என்று குறைந்த விலைச் சாப்பாடு போடுவார்கள். இரவில் இருபது யூரோ ஆகும் இடத்தில் மதியம் அதில் பாதிக்குச் சற்று மேலே கொடுத்துச் சாப்பிட்டுவிடலாம்.

டோனர் பற்றி ஒரு குறிப்பு. மாட்டிறைச்சி சாப்பிடாதவர்கள் கவனியுங்கள்: டோனர் கெபாப் என்று மட்டும் எழுதியிருந்தால் மாடு, கன்று அல்லது ஆடு. கோழி என்றால் தனியாக "ஹேன்ஷன்" என்று எழுதியிருப்பார்கள்.

தண்ணீர் என்று கேட்டால் சோடா வரும். "ஷ்டில்" என்று சொன்னால் சாதாத் தண்ணீர், அதற்கும் காசு. குழாய்த் தண்ணீர் குடிக்க நல்லதுதான், ஆனால் உணவகத்தில் இலவசமாகத் தரவேண்டிய கட்டாயம் இல்லை, முகம் சுளிப்பவர்களும் உண்டு. பையில் ஒரு புட்டி வைத்துக்கொள்ளுங்கள். கடையில் வாங்கும் பிளாஸ்டிக் புட்டிக்கும் தகரக் குவளைக்கும் 25 சென்ட் வைப்புத்தொகை, காலியானதும் சூப்பர்மார்க்கெட் எந்திரத்தில் போட்டுத் திரும்ப வாங்கலாம்.

ஞாயிறு சூப்பர்மார்க்கெட் எல்லாம் மூடல். அக்டோபர் 3 பொதுவிடுமுறை, அன்றைக்கும் அப்படித்தான். தலைமை ரயில் நிலையத்துக்குள் இருக்கும் கடைகள் மட்டும் திறந்திருக்கும். உணவகங்கள் ஞாயிறு நடக்கும், திங்கள் அல்லது செவ்வாய் வார விடுமுறை விடுவார்கள். பட்டியலில் "ரூஹெடாக்" என்று போட்டிருக்கும், போவதற்கு முன் பாருங்கள்.

காயல்:

அஸ்ஸலாமு அலைக்கும். நல்ல இழை. நானும் அதே கண்காட்சிக்கு வருகிறேன், காயல்பட்டினத்திலிருந்து. ஹலால் சாப்பாட்டுக்கு எந்தப் பக்கம் போகலாம்? டோனர் கடை எல்லா ஊரிலும் இருக்கும், தெரியும். குடும்பத்தோடு நிதானமாக உட்கார்ந்து சாப்பிடும் இடம் வேண்டும்.

கறிக்குழம்பு:

வ அலைக்கும் ஸலாம். கொலோனில் உங்களுக்குக் கவலையே வேண்டாம். ஜெர்மனியிலேயே நல்ல துருக்கியச் சமையல் கிடைக்கும் ஊர்களில் ஒன்று இது. மூன்று இடம் சொல்கிறேன்.

வைடன்காஸ்ஸெ: தலைமை ரயில் நிலையத்தின் பின்பக்கம் ஐகல்ஷ்டைன் தெரு வழியாக நடந்தால் பத்துப் பன்னிரண்டு நிமிடம். பழைய நகரவாசல் கோபுரத்துக்குப் பக்கத்தில், சின்னத் தெரு. நகைக்கடை, கல்யாண உடுப்புக் கடை, நடுநடுவே கரி அடுப்புக் கடைகள். "ஹோல்ஸ்கோலெ" என்று எழுதியிருக்கும் கடை பார்த்து நுழையுங்கள், அது கரியில் சுடுவது. ஆட்டு விலாக் கறி, அதானா கெபாப், ஈரல். முன்னால் சுடச்சுட ரொட்டி வைப்பார்கள். சுவைக்காக மட்டும் போவதென்றால் நான் இங்கேதான் போவேன்.

ஏரன்ஃபெல்ட்டில் வென்லோவர் ஷ்ட்ராஸெ: 2018இல் திறந்த பெரிய மத்தியப் பள்ளிவாசல் இந்தத் தெருவில்தான். கான்கிரீட் இதழ்கள் விரிந்தது போன்ற கட்டடம், பார்க்கவே போகலாம். ஜும்ஆ முடித்துச் சாப்பிட்டு வர வசதி. 3, 4 எண் ட்ராம் போகும்.

மூன்றாவது மூல்ஹைமில் கொய்ப்ஷ்ட்ராஸெ. அதை ரைன்கரை அக்கா என்னைவிட நன்றாகச் சொல்வார்.

கடைக்குக் கடை கேட்டுக்கொள்ளுங்கள், துருக்கியக் கடை என்பதாலேயே ஹலால் என்று முடிவு செய்ய வேண்டாம். ஜெர்மன் உணவகங்களில் மாட்டிறைச்சி, கோழி எடுத்தாலும் குழம்பில் ஒயினோ பன்றிக்கொழுப்போ வரலாம்.

ரைன்கரை:

கொய்ப்ஷ்ட்ராஸெ எனக்கு நெருக்கமான தெரு, அதனால கொஞ்சம் நீட்டி எழுதுறன்.

1961இல ஜேர்மனியும் துருக்கியும் தொழிலாளர் ஒப்பந்தம் எழுதினபிறகு, கொலோனில ஃபோர்ட் கார் தொழிற்சாலைக்குக் கனக்க ஆக்கள் வந்தவை. நொய்யல் தங்குற டொய்ட்ஸ் ரயில் நிலையத்திலதான் 1964 செப்டம்பர் 10ஆம் திகதி பத்து லட்சமாவது விருந்தினர் தொழிலாளியை மேளதாளத்தோட வரவேற்றவை. அவர் போர்த்துக்கல்காரர், அர்மாந்தோ ரொட்ரிகேஸ். ஒரு மொப்பெட் பரிசு குடுத்த படம் பாடப்புத்தகம் வரைக்கும் வந்திட்டுது. மூல்ஹைம் தொழிற்சாலைப் பகுதி. வேலைக்காரர் குடியிருந்த தெரு கொஞ்சம் கொஞ்சமா அவையின்ர கடைத்தெருவா மாறினது. இண்டைக்கு ஒரு முனையில இருந்து மற்ற முனை வரைக்கும் பேக்கரி, பலகாரக்கடை, சாப்பாட்டுக்கடை.

2004 ஜூன் 9ஆம் திகதி அந்தத் தெருவில ஒரு முடிவெட்டுற கடை வாசலில ஆணிக்குண்டு வெடிச்சு 22 பேர் காயப்பட்டவை. தெருவில இருந்த ஆக்களையே வருசக்கணக்கா விசாரிச்சு, அவையிலயே சந்தேகப்பட்டுக்கொண்டு இருந்தவை. 2011இலதான் அது நவநாசிக் கும்பல் ஒண்டின்ர வேலை எண்டு வெளியில வந்தது. காயப்பட்ட ஆக்களே குற்றவாளி மாதிரி நடத்தப்பட்ட தெரு. அவ்வளவுக்குப் பிறகும் கடையைத் திறந்து அடுப்பை மூட்டி இருக்கினம். வெளியூரில இருந்து வாற எல்லாருக்கும் அங்க போய்ச் சாப்பிடுங்கோ எண்டு நான் சொல்லுறதுக்கு அதுவும் ஒரு காரணம்.

சாப்பாட்டுக்கு வருவம். 4ஆம் எண் ட்ராம், நிறுத்தத்தின்ர பேரே கொய்ப்ஷ்ட்ராஸெ. காலமை போனால் துருக்கிக் காலைச் சாப்பாடு: ஒலிவ், வெள்ளைச் சீஸ், தக்காளி, தேன், கட்டியான ஆடை, சுடுரொட்டி, கிளாஸ் கிளாசா தேத்தண்ணி. முட்டை தனியா வரும், வேண்டாம் எண்டு சொல்லலாம். நொய்யலின்ர அம்மாவும் சாப்பிடலாம், அப்பா காரச் சொசேஜ் எடுக்கலாம், அது மாட்டிறைச்சியில செய்தது. அடுப்புக்கு முன்னால இருந்து மாவை விரிச்சுக் கீரையும் சீஸும் வைச்சு மடிச்சுத் தட்டில சுடுற கொஸ்லெமெ அம்மாவுக்கு நல்ல உணவு. பருப்புச் சூப்பை மட்டும் இறைச்சித் தண்ணியில வைச்சதோ எண்டு கேட்டிட்டு வாங்குங்கோ. கடைசியா கூனெஃபெ: மெல்லிய மா நூலுக்குள்ள சீஸ் வைச்சுப் பாகு ஊத்திச் சுடச்சுடத் தாறது. ஆறவிட்டால் சரிவராது.

நொய்யல்:

இவ்வளவு விரிவாக எழுதியவர்களுக்கு நன்றி. அம்மாவிடம் படித்துக் காட்டினேன். கொய்ப்ஷ்ட்ராஸெ கதையைக் கேட்டுவிட்டு முதலில் அங்கே போகலாம் என்று சொல்லிவிட்டார். பிராவ்ஹவுசுக்கும் மூன்று மணி ஏற்பாட்டுக்குச் சம்மதம்.

இன்னும் சில கேள்விகள். கண்காட்சி நாட்களில் மேசை முன்பதிவு தேவையா? பில் கொடுக்கும்போது டிப்ஸ் எப்படி?

திருச்சி மாணவன்:

அனுகா நேரத்தில் கண்டிப்பாக முன்பதிவு செய்யுங்கள். உலகத்தின் பெரிய உணவுக் கண்காட்சி, இரண்டாண்டுக்கு ஒரு தடவை, டொய்ட்ஸ் பக்கமும் பழைய நகரமும் நிறைந்து வழியும். பல இடங்களில் இணையத்திலேயே பதியலாம். சூடான சமையல் இரவு ஒன்பதரை, பத்துக்குள் நின்றுவிடும், கடை திறந்திருந்தாலும் சாப்பாடு வராது.

பில்லுக்குச் சேவைக் கட்டணம் தனியாகக் கிடையாது. ஐந்து முதல் பத்து சதவீதம் வழக்கம். மேசையில் வைத்துவிட்டு எழுந்து வரக் கூடாது, கையில் கொடுக்கும்போதே சொல்ல வேண்டும். 27.50 வந்தால் "முப்பது" என்று சொன்னால் போதும். அட்டையில் கட்டினாலும் அவர்கள் தொகையைத் தட்டுவதற்கு முன்பே சொல்லிவிடுங்கள். சேர்த்தா தனித்தனியா என்று கேட்பார்கள், தனித்தனியாகக் கேட்பது அங்கே தவறே இல்லை. ரொக்கம் மட்டும் வாங்கும் இடங்கள் இன்னும் இருக்கின்றன, ஐம்பது நூறு யூரோ கையில் வைத்திருங்கள்.

"ஷ்டாம்டிஷ்" என்று பலகை வைத்த மேசையில் உட்காராதீர்கள். அது வாடிக்கையாளர் குழுவுக்கு உரியது.

மல்லிகை:

நொய்யல், எனக்கு இப்போதுதான் உறைக்கிறது. அக்டோபர் முதல் பாதி என்றால் புரட்டாசி ஆயிற்றே! கோயமுத்தூர்ப் பக்கம் பலர் அந்த மாதம் கறி தொடமாட்டார்களே, அப்பா எப்படி?

நொய்யல்:

சரியாகப் பிடித்தீர்கள். மாதம் முழுக்க இல்லை, புரட்டாசிச் சனிக்கிழமை மட்டும் அப்பா சைவம். அன்று முட்டையும் கிடையாது. மற்ற நாள் சாப்பிடுவார்.

கறிக்குழம்பு:

அப்படியென்றால் திட்டம் தானாக அமைகிறது. லொம்மர்ஸ்ஹைமும் சாவர்பிராட்டனும் வார நாளில். சனிக்கிழமை பிராவ்ஹவுஸ் பக்கம் எப்படியும் போகக் கூடாது என்று நான் சொன்னேன், இப்போது காரணம் இரண்டாகிவிட்டது. அன்றைக்கு எத்தியோப்பியக் கடையில் மூவரும் ஒரே தட்டு.

ரைன்கரை:

சனிக்கிழமை கோயில் கும்பிட விரும்பினால், ஹாம் நகரத்துக்கு வெளியில உவென்ட்ராப்பில காமாட்சி அம்மன் கோயில் இருக்கு, எங்கட ஆக்கள் கட்டினது, 2002இல கும்பாபிஷேகம். கொலோனில இருந்து கிட்டத்தட்ட நூறு கிலோமீற்றர், ரயிலில ஹாம் வரைக்கும் போய்ப் பிறகு பஸ். தேர்த்திருவிழா கோடையில, அக்டோபரில ஆரவாரம் இல்லை, அமைதியாக் கும்பிடலாம். திரும்பி வர இரவாகும், அதனால எத்தியோப்பியக் கடையில எட்டு மணிக்கு மேசை சொல்லி வையுங்கோ. சில கடையில நோன்புத் தட்டுக்கே நேரம் எடுக்கும், போனவுடனே சொல்லிப்போடுங்கோ.

காயல்:

நொய்யல், கண்காட்சியில் உங்கள் அரங்கு எந்த மண்டபம்? நாங்களும் வருகிறோம். வைடன்காஸ்ஸெக்கு ஒரு மாலை உங்கள் அப்பாவையும் அழைத்துப் போகலாம். அங்கே அம்மாவுக்கு என்ன கிடைக்கும் என்று யாராவது சொன்னால் அவரையும் சேர்த்தே மேசை போடலாம்.

மல்லிகை:

கிடைக்கும். சின்னச் சின்னத் தட்டுகளில் வரும் மெஸெ கேளுங்கள். சுட்ட கத்தரிக்காய் மசியல், கொண்டைக்கடலை மசியல், காரத் தக்காளிக் கூட்டு, எண்ணெயில் வேகவைத்த பீன்ஸ், கோதுமைக் குறுணைச் சோறு. தக்காளி வெங்காயம் அடைத்த முழுக் கத்தரிக்காய், இமாம் பயில்டி என்று பெயர், இறைச்சி போடாதது. கார்னியாரிக் என்று ஒன்று அதே உருவத்தில் இருக்கும், அதில் கொத்துக்கறி, மாற்றிக் கேட்டுவிடாதீர்கள். குடிக்க ஐரான், உப்புப் போட்ட மோர். கரி அடுப்பு வாசலில் இருக்கும், அம்மாவை உள்பக்கம் சுவரோரமாக உட்கார வையுங்கள், புகை வராது.